நிலமும் பொழுதும்

சுன்னிவா எகிப்துக்குப் போகச் சொன்னாள்.
தஹாபில் கடல் கண்ணாடி மாதிரி,
அக்டோபரிலும் வெந்நீர்,
கரையிலிருந்து நடந்தே இறங்கலாம்,
மேல்நிலைப் பயிற்சி இரண்டு நாளில் முடியும்,
மூன்றாம் நாள் ஒட்டகம்.
எந்திர அறையிலிருந்து ஏறிவந்த ஒட்பியோர்ன்
கையைத் துடைத்துக்கொண்டே தாய்லாந்து என்றான்.
மே மாதம். திமிங்கிலச் சுறா வரும்.
"வருமா?"
"வரலாம்."

பணிப்பட்டியலின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதினேன்:
விமானக் கட்டணம், காற்று மாதம், மழை மாதம்,
என் இரண்டு வார விடுப்பு எதில் போய் விழுகிறது.
மால்டாவில் மூழ்கிய கப்பல்கள் உண்டு.
பிப்ரவரியில் விலை பாதி,
ஆனால் அலை இறங்க விடாது.
பட்டியல் நிரம்ப நிரம்ப
நான் எங்கும் போகப்போவதில்லை என்பது
தெளிவாகிக்கொண்டே வந்தது.

பிறகொரு நாள், ஆறு இருபது படகில்,
கம்பளித் தொப்பி போட்ட பொடியன் ஒருவன்
கைப்பிடிக் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்டான்:
"இங்க எவ்வளவு ஆழம்?"
முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்றேன்.
"கீழ என்ன இருக்கு?"

பெர்கனுக்கு வடக்கே, பதினோரு வருடமாக,
நாளைக்குப் பதினெட்டு முறை
இந்த ஃபியோர்டைக் குறுக்கே தைத்துக்கொண்டிருக்கிறேன்,
காரும் லாரியும் ஆட்டு வண்டியும் ஏற்றிக்கொண்டு.
துணியின் அடிப்பக்கத்தை
ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.
"மீன்" என்றேன்.
அவனுக்கே அது போதவில்லை.

எஸ்கிலுக்கு என்னைவிட இருபது வயது குறைவு,
ஓயாத ஜலதோஷம்.
வரும் கோடையில் சேரலாமா என்று தொலைபேசியில் கேட்டேன்.
"கோடையில தண்ணி பச்சைக் கஞ்சி.
பாசியெல்லாம் செத்து அடங்கட்டும்.
நவம்பர் கடைசியில வாங்க, இருபது மீட்டர் தூரம் தெரியும்.
இன்னொண்ணு" — மூக்கை உறிஞ்சினான் —
"இரவு முக்குளிப்பைச் சாயங்காலம் நாலரைக்கே முடிச்சிட்டு
ராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

சிரித்துவிட்டேன்.
வேறெந்தக் கடலும் இப்படி ஒரு சலுகை தரவில்லை.

தண்ணீர் எட்டு டிகிரி.
உலர் உடைக்குள் என்னைத் திணிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
திசைகாட்டியைப் பார்த்துச் சதுரமாக நீந்தச் சொன்னான்;
என் சதுரத்துக்கு ஐந்து மூலை.
ஆழப் பாடத்துக்கு முப்பது மீட்டர் வரைதான் அனுமதி,
பொடியனிடம் சொன்ன எண்ணில் பத்தில் ஒன்றுகூட இல்லை.
அங்கே ஒரு சிவப்பு மிட்டாய்த்தாளை எடுத்துக் காட்டினான்.
சாம்பலாக இருந்தது.
எழுதுபலகையில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டான்.
யோசித்தேன்.
நெடுநேரம் யோசித்தேன்.

கடைசியாக இரவு.
மணி நாலுகூட ஆகவில்லை, கடல் கருத்துவிட்டது.
என் விளக்கு வட்டத்துக்குள்
முதலில் வெறும் சேறு,
அப்புறம் ஒரு லாரி டயர்,
டயருக்குள், கடன்காரனை எதிர்பார்க்கும் முகத்தோடு,
ஓர் ஓநாய்மீன்.
அது நகரவில்லை. நானும் நகரவில்லை.
பையா, கீழே டயர் இருக்கிறது.
டயரில் ஆள் இருக்கிறது.

விளக்கை அணை என்று எஸ்கில் சைகை காட்டினான்.
அணைத்தேன்.
மேல் எது கீழ் எது என்பதை
மூச்சுக் குமிழிகள் மட்டும் அறிந்திருந்தன.

அப்போது கேட்டது.
காதில் அல்ல, முதலில் பல்லில்.
கடலடியில் ஓசைக்குத் திசை கிடையாது;
நாலு பக்கமும் ஒரே சமயத்தில் வந்தது,
ஒரு மைலுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த எங்கள் படகு.
இடப்பக்க விசிறி லேசாகத் தட்டுகிறது என்று
செப்டம்பரிலிருந்து ஒட்பியோர்னிடம் சொல்லிவருகிறேன்,
அவன் நம்புவதாயில்லை.
இங்கே எவ்வளவு சுத்தமாகத் தட்டியது.

மணிக்கட்டில் பச்சையாக எண்கள் மின்னின.
நாலு பன்னிரண்டு.
நாலு பத்துப் படகு அது.
இரண்டு நிமிடம் தாமதம்.